ஒரே இடத்தில் ஒரே பிழை

எந்தப் பொருளையும் அவர் முழுக் கையால் பிடித்து நான் கண்டதில்லை. பெருவிரலும் நடுவிரலும் மட்டும்தான் வேலை செய்யும். பஸ் டிக்கெட்டாக இருந்தாலும் பெட்டிஸ் துண்டாக இருந்தாலும் அந்த இரண்டு விரல்களுக்கிடையில் எடுத்து, வெளிச்சம் வரும் பக்கம் திருப்பி, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் டிக்கெட் பைக்குள் போகும், பெட்டிஸ் வாய்க்குள் போகும்.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. இப்போது கடல் கடந்த ஒரு நகரத்தில் மகளோடு இருக்கிறார். இது அவர் கண்ணில் படாது என்று சொல்ல முடியாது. படவேண்டும் என்று நான் நினைக்கிறேனா என்பதும் எனக்குத் தெளிவில்லை.

பல் கட்டுவது அவருடைய தொழில். கண்டியிலுள்ள பல் வைத்தியர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அவர் வீட்டு முன்னறையில் இருந்து பொய்ப் பல் செய்து, பக்கத்துப் பல்லுக்கு ஒத்துப்போகும் நிறத்தைத் தூரிகையால் ஏற்றி அனுப்புவார். பூர்வீகம் யாழ்ப்பாணம். கண்டிக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகியும் பேச்சு மாறவில்லை. ஒருமுறை நாங்கள் தெல்தெனிய பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். முன் இருக்கையில் ஒரு பெண் எதற்கோ திரும்பிச் சிரித்தாள். அவர் என் முழங்கையைத் தட்டினார்.

"மேல் வரிசை, இடப்பக்கம் ரெண்டாவது. என்ர வேலை, தம்பி."

"எப்படித் தெரியும்?"

"மற்றப் பல்லை விடக் கொஞ்சம் சரிவாய் வைச்சனான். ஒரு மனுசன்ர வாயில ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பல் இராது. ஒரே மாதிரி இருந்தா அது கட்டினது எண்டு சின்னப் பிள்ளையும் சொல்லும்."

அந்த வாக்கியத்தை அன்றே நாட்குறிப்பில் எழுதினேன். அப்போது அதை ஒரு நல்ல பேச்சு என்று மட்டுமே நினைத்திருந்தேன்.

நாங்கள் சந்தித்துக்கொண்ட இடம் கட்டுகஸ்தோட்டை வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில், மருந்துக் கடைக்கு மேல்மாடி அறை. ஞாயிறு பிற்பகல் இரண்டு மணியிலிருந்து ஐந்தரை வரை. ஏழெட்டுப் பேர் கூடி மேசைப் போர் விளையாடுவோம். எட்டடிக்கு நாலடி மேசையில் மரத்தூளாலும் பசையாலும் செய்த குன்றுகள், ஓர் ஆறு, ஒரு பாலம். அதன்மேல் விரல் கணு உயரமுள்ள போர்வீரர்களை நிறுத்தி, அளவு நாடாவால் தூரம் அளந்து நகர்த்தி, டைஸ் உருட்டி யார் விழுந்தார் யார் நின்றார் என்று தீர்ப்போம். வீட்டில் கேட்டால் பொம்மை விளையாட்டு என்பார்கள். நான் நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறுகிறவன். அளந்து நகர்த்தும் விளையாட்டு எனக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

இந்த வீரர்கள் இரண்டு விதமாகக் கிடைப்பார்கள். சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காக வந்தால் நாமே தூரிகை பிடித்துப் பூச வேண்டும். கம்பனியிலேயே நிறம் பூசி வருவதும் உண்டு. பெட்டியைத் திறந்து மேசையில் வைக்க வேண்டியதுதான். மேசை அவருடையது. அறைக்கு வாடகை கட்டியதும் அவர். ஆகவே சட்டமும் அவருடையது: கம்பனி பூசியது மேசைக்கு வராது.

புதிதாக ஒருவர் எதைக் கொண்டுவந்தாலும் அவர் அதை இரண்டு விரலால் எடுத்து ஜன்னலுக்குத் திருப்புவார். நாங்கள் பேச்சை நிறுத்துவோம். அவரிடம் இரண்டு தீர்ப்புகள் மட்டுமே இருந்தன. "கை இருக்கு." "கை இல்லை."

பூச்சின் அழகுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் தொடர்பில்லை. செல்வம் முதன்முதலில் பூசிக் கொண்டுவந்த குதிரையை மறக்க முடியாது. செல்வம் தெல்தெனியப் பக்கத்துப் பாடசாலையில் கணிதம் படிப்பிப்பவர், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். எங்களில் வாய்த்துடுக்கும் அவருக்குத்தான் அதிகம். குதிரையை நீட்டும்போதே சொல்லிவிட்டார்.

"அண்ணே, சிரிக்காதீங்க. குதிரைன்னு நெனச்சுதான் பூசுனேன். நனைஞ்ச நாயி மாதிரி வந்திருச்சு."

அவர் அதைச் சுற்றிப் பார்த்தார். வால் இருந்த இடத்தில் நிறம் உறைந்து குமிழாக நின்றது.

"நாயோ குதிரையோ, கை இருக்கு. இதை முன் வரிசையில வையுங்கோ."

அந்த நனைந்த நாய் இரண்டு வருடம் எங்கள் குதிரைப்படைக்குத் தலைமை தாங்கியது. யாரும் அதைக் கேலி செய்ய அவர் விடவில்லை. கேலி செய்தால் கேலி செய்தவரின் தூரிகை வேலையை ஜன்னலுக்குத் திருப்பத் தொடங்குவார்.

அவருடைய கண்ணைச் சோதிக்கவும் செல்வம் ஒருமுறை துணிந்தார். கம்பனி பூசிய வீரன் ஒருவனை வாங்கி, தொப்பியிலும் கேடயத்திலும் மட்டும் தானே மேலே பூசி, ஒன்றும் தெரியாதவர் போல நீட்டினார். அவர் ஒரு சுற்றுக்கூட முழுதாகச் சுற்றவில்லை.

"இடுப்புக்கு மேல கை இருக்கு. கீழ கை இல்லை. ஏன் செல்வம், பாதியில நித்திரையோ?"

அன்றிலிருந்து அவருடைய கண் பிழை செய்யும் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. அப்படிக் கொஞ்சமும் நினைக்காதவர் அவர்தான்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். வங்கி ஒன்றில் அதிகாரியாக இருந்தவர், ஐம்பது வயது மதிக்கலாம், ஒரு ஞாயிறு வந்தார். கையில் கம்பனி பூசிய வீரர்கள் நாற்பது பேர் அடங்கிய அழகான பெட்டி. பெட்டியைத் திறந்த விதத்திலேயே அவர் எத்தனை நாள் இந்தப் பிற்பகலுக்குக் காத்திருந்தார் என்று தெரிந்தது. எங்கள் மேசைக்காரர் ஒருவனை எடுத்துப் பார்த்தார். பிறகு இன்னொருவனை எடுத்து இரண்டையும் அருகருகே பிடித்தார்.

"கண் ரெண்டும் கன்னத்தில கிடக்கு. அடுத்தவனுக்கும் அதே கன்னத்தில. இவங்களுக்கு மூக்கால தான் பார்வை போல."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

"எனக்குப் பூச நேரம் இல்லீங்க," என்றார் அந்த மனிதர்.

"நேரம் இல்லாட்டி கரம்போர்ட் விளையாடுங்கோ."

செல்வம் மட்டும் இடையில் புகுந்து, "அண்ணே, பொழுதுக்கும் வேலைக்குப் போறவரு, ஒரு நா விளையாடிட்டுப் போகட்டும்," என்றார். அவர் அளவு நாடாவை எடுத்து அடுத்த நகர்வை அளந்தார். வங்கிக்காரர் நாற்பது பேரையும் ஒவ்வொருவராகப் பெட்டியின் குழிகளில் திரும்ப அடுக்கினார். அதற்கு வெகுநேரம் எடுத்தது. நாங்கள் அவர் கைகளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பிறகு வரவில்லை.

அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று உள்ளிருந்து அறிந்தவன் என்பதால்தான், அடுத்து நடந்ததில் எனக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

என் மூத்த சகோதரரான நானாவுக்கு மடவளையில் புடைவைக் கடை இருந்தது. அவருக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபின் கடையை மூடினோம். பேச்சு மூன்று மாதத்தில் ஓரளவு திரும்பியது. கை திரும்பவில்லை. இடக்கையையாவது பழக்க வேண்டும், விரலுக்கு நுணுக்கமான வேலை கொடுங்கள் என்று பயிற்சி கொடுக்க வந்த பெண் சொன்னாள். தோஹாவிலிருந்து மச்சான் எனக்காக அனுப்பியிருந்த பெட்டியொன்று வீட்டில் இருந்தது. பூசாத வில்லாளர் இருபத்திநான்கு பேர். நானாவிடம் கொடுத்தேன்.

சமையலறை மேசையில் ஒரு தட்டத்தை வைத்து அதில் இருபத்திநான்கு பேரையும் நிறுத்தினார். ஒருவனைப் பூசி முடித்து அடுத்தவனுக்குப் போகவில்லை. முதலில் எல்லாருக்கும் பச்சை அங்கி. அது முடிய ஒரு மாதம். பிறகு எல்லாருக்கும் பழுப்பு வில். கடையில் புடைவை மடித்த பழக்கம் அது. ஒரே மடிப்பை எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டுத்தான் அடுத்த மடிப்புக்குப் போவார். கடைசியாக அங்கியின் கீழ்க்கரையில் சிவப்புக் கோடு. இடக்கை நடுங்காமல் பாதித் தூரம் வரும். வீரனின் இடது முழங்காலுக்குக் கிட்ட வந்ததும், சிறுவயதில் முறிந்து பொருந்திய மணிக்கட்டு திரும்பாது. கோடு கரையை விட்டு இறங்கி முழங்காலில் விழும். முதலாமவனுக்கு விழுந்தது. இருபத்திநாலாமவனுக்கும் அதே இடத்தில் விழுந்தது.

"இந்த எடத்துல கை விழுது," என்றார் நானா. பிறகு வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். "பரவால்ல. எல்லாருக்கும் ஒரே மாதிரித்தானே விழுது. யூனிபோம்."

நிறம் கழன்றுவிடக் கூடாது என்று மதினி ஹாட்வெயார் கடையில் வாணிஷ் வாங்கிக் கொடுத்தார். அதையும் பூசியதும் இருபத்திநான்கு பேரும் பளபளவென்று நின்றார்கள். மொத்தம் நான்கு மாதமும் ஆறு நாளும்.

"ஞாயித்துக் கெழம கொண்டு போ," என்றார் நானா. "சண்டையில ஒருக்கா நிக்கோணும்."

கொண்டுபோனேன். பெட்டியை மேசையில் வைத்து, மூடியைத் திறந்து, "இது எங்கட நானா..." என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மேசைக்காரர் ஒருவனை எடுத்துவிட்டார். ஜன்னலுக்குத் திருப்பினார். இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதையும் எடுத்தார். முகம் மாறியது.

"தம்பி, உங்களுக்கு இதைப் போய் ஆர் வித்தது? கை இல்லை. இஞ்ச பாருங்கோ." மூவரையும் வரிசையாகப் பிடித்து எல்லாருக்கும் காட்டினார். "இந்தச் சிவப்பு முழங்காலில விழுது. இவனுக்கும் அங்கதான். இவனுக்கும் அங்கதான். மெசின் ஒருக்காப் பிழைச்சா ஒரே இடத்தில பிழைச்சுக்கொண்டே போகும். மனுசன் அப்பிடியே? இண்டைக்கு ஒரு இடத்தில பிழைப்பான், நாளைக்கு இன்னொரு இடத்தில."

யாரோ, "வாணிஷையும் பாருங்க, இனிப்புப் பொம்மை மாதிரி," என்றார்கள். சிரித்தார்கள். வங்கிக்காரருக்குச் சிரித்த அதே சிரிப்பு.

"எங்க வாங்கினது?"

"தோஹாவிலேர்ந்து மச்சான் அனுப்பினது," என்றேன்.

அதில் பொய் இல்லை. பெட்டி தோஹாவிலிருந்துதான் வந்தது. சொல்லாமல் விட்டது ஒரே ஒரு செய்தி. அதைச் சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நனைந்த நாயை முன் வரிசையில் வைத்த மனிதர், இந்த இருபத்திநான்கு பேரையும் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பார். சட்டம் முழுக்க என் நானாவின் பக்கம்தான் இருந்தது. அப்படியும் வாய் திறக்கவில்லை. சிரிப்பு நடந்து முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு சொன்னால் அந்தச் சிரிப்பு என் நானாவின் கைமேல் போய் விழும் என்று நினைத்தேன். தீர்ப்புச் சொன்னவரை எல்லார் முன்னாலும் பிழையாக்க எனக்குத் துணிவும் இருக்கவில்லை.

அன்று வீடு வந்தபோது நானா வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில் காத்திருந்தார்.

"எப்பிடி, நம்மட ஆக்கள் வென்டதா?"

"வென்ட," என்றேன்.

சமையலறைக் கலண்டரில் அந்த ஞாயிற்றுக்கு மேல் இடக்கையால் ஒரு சரி அடையாளம் போட்டார். அடுத்த ஞாயிறும் கேட்டார். அடுத்ததும் கேட்டார். பெட்டியை ஒவ்வொரு வாரமும் பஸ்ஸில் கொண்டுபோய்த் திறக்காமல் கொண்டுவந்தேன். ஒரு கட்டத்தில் சுமந்து திரிவது அலுத்து, அங்கேயே அறையிலிருந்த அலுமாரியில் வைத்துவிட்டேன். கலண்டரில் சரி அடையாளம் கூடிக்கொண்டே போனது. எப்போதும் வென்றால் நம்ப மாட்டார் என்று ஒரு ஞாயிறு "தோத்த" என்றேன். அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று மதினி சொன்னார். பிறகு நாங்கள் தோற்கவேயில்லை.

அலுமாரியில் வைத்ததுதான் இரண்டாவது தவறு. மேசைக்காரர் பெட்டியைக் கண்டார். ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோனார். பூசிய நிறத்தைக் கழற்ற ஒரு வழி இருக்கிறது: கிருமிநாசினியில் ஒரு நாள் ஊறவைத்துப் பழைய பல் தூரிகையால் தேய்த்தால் பிளாஸ்டிக் பிறந்தமேனியாக வந்துவிடும். பல் தூரிகைக்கு அவரிடம் பஞ்சமில்லை.

நான்கு வாரம் கழித்து ஒரு ஞாயிறு மேசை நடுவில் வெள்ளைத் துணி மூடியிருந்தது. என்னைக் கூப்பிட்டுத் துணியை எடுக்கச் சொன்னார். என் வில்லாளர் இருபத்திமூன்று பேர். அங்கியின் ஒவ்வொரு மடிப்பிலும் நிழல். வில்லின் மரத்தில் ரேகை. ஒருவனுக்கு மூக்கு நுனி வெயிலில் சிவந்திருந்தது; இன்னொருவன் நேற்றிரவு தூங்காதவன் போல இருந்தான். அப்படியொரு வேலையை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்க்கவில்லை.

"நல்ல வார்ப்புத் தம்பி. கேவலப்படுத்தி வைச்சிருந்தாங்கள். கழுவிப் போட்டன். ஒண்டை மட்டும் கழுவேல்லை, முன்ன எப்பிடி இருந்தது எண்டு சனம் பாக்கோணும்."

கண்கள் மின்ன என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் வாழ்நாளில் நான்கு வாரத்தை எனக்குத் தந்திருக்கிறார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் அவருக்கு நன்றி சொன்னேன். அன்று அந்த வில்லாளர் பாலத்தைப் பிடித்தார்கள், உண்மையிலேயே வென்றோம். கலண்டரில் விழுந்த சரிகளில் பொய்யில்லாத சரி அந்த ஒன்றுதான்.

கழுவாத ஒருவனை அவர் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். பக்கத்தில் புதிதாகப் பூசிய ஒருவன். கீழே இரண்டு அட்டைகள். ஒன்றில் "மெசின்", மற்றதில் "கை". புதியவர்கள் வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப்போவார். "இதில ஒரு மனுசன்ர மூச்சுப் பட்டிருக்கோ, சொல்லுங்கோ பாப்பம்," என்பார். வந்தவர்கள் இல்லை என்பார்கள். நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்று அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருப்பேன்.

குட்ஷெட் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மண்டபத்தை ஒரு பிற்பகலுக்கு எடுத்து நாங்கள் எங்கள் படைகளைப் பொதுமக்களுக்குக் காட்டினோம். அவருடைய நெடுநாள் ஆசை அது. துண்டுப் பிரசுரம் ஒன்று என் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. துவைக்கும்போது மதினி கண்டிருக்கிறார். மேல்மாடி அறைக்கு நானாவால் படியேற முடியாது. மண்டபத்துக்குப் படி இல்லை.

மூன்று மணியளவில் திரும்பிப் பார்த்தேன். நானா கைத்தடியோடு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றார். பக்கத்தில் மதினி. மேசைக்காரர் எதிரில் நின்று, ஒரு முதியவருக்குக் காட்டும் முழு மரியாதையோடு விளக்கிக்கொண்டிருந்தார். இவர் என் நானா என்று அவருக்குத் தெரியாது. நான் நடந்தேன். ஓட வேண்டியவன், நடந்தேன்.

"இதைக் கையில எடுத்தே பாருங்கோ, ஐயா," என்று கண்ணாடியைத் திறந்து அந்த ஒருவனை நீட்டினார். நானா கைத்தடியை மதினியிடம் கொடுத்துவிட்டு இடக்கையில் வாங்கினார்.

"இது மெசின் பூசினது. இருபத்திநாலிலயும் இந்த முழங்காலிலதான் சிவப்பு விழுந்தது. மனுசன் பூசினா அப்பிடி விழுமோ?"

நானா பெருவிரலால் அந்த முழங்காலைத் தடவினார். அவசரப்படவில்லை.

"மத்தாக்கள் எங்க?"

"கழுவிப்போட்டுத் திரும்பப் பூசினனான். அங்க நிக்கினம், பாருங்கோ."

மதினிக்குப் பொறுக்கவில்லை. "அல்லாவே, இது இவர் பூசின..." என்று தொடங்கினார்.

"நீங்க சும்மா இரிங்க," என்றார் நானா. பிறகு அவரைப் பார்த்து, தெளிவாகச் சொல்வதற்காக ஒவ்வொரு சொல்லாக வைத்தார். "ஓ. மெசின்தான். கழுவினது நல்லம்."

வீரனைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினார். பாதித் தூரம் வந்ததும் மணிக்கட்டு திரும்பாமல் கை கீழே விழுந்தது. எதிரில் நின்றவர் வீரனைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையைப் பார்த்தார். வீரனின் முழங்காலைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, சனங்களுக்கிடையில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். அவர் பார்க்கத் தெரிந்த மனிதர். பார்த்துவிட்டார்.

அட்டைகள் இரண்டையும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

திரும்பும்போது முச்சக்கர வண்டியில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு வந்தோம். பாலத்தில் நெரிசல். வண்டி நின்றபோது நானா வெளியே பார்த்துக்கொண்டே, "அப்ப எல்லாக் கெழமையும் வென்டது ஆரு?" என்று கேட்டார். வண்டி எப்போது நகரும் என்று நான் ஓட்டுநரிடம் கேட்டேன்.

அடுத்த ஞாயிறு மேசைக்காரர் மருந்துக் கடைப் படியில் எனக்காகக் காத்திருந்தார்.

"ஏன் தம்பி சொல்லேல்லை?"

"நீங்க கேக்கல்லயே," என்றேன்.

"கேட்டனான். எங்க வாங்கினது எண்டு கேட்டனான்."

"வாங்கின எடத்தைத்தான் கேட்டீங்க. பூசினது ஆரெண்டு கேக்கல்ல. அது ஒங்களுக்குத் தெரிஞ்சி இருந்திச்சே."

அவர் தலையசைத்தார். இவ்வளவு துல்லியமான ஒரு பதிலை நான் வேறு எவருக்கும் சொன்னதில்லை. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அவர் அறைச் சாவியை என் கையில் தந்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ஆறு ஞாயிறு வரவில்லை. ஏழாவது ஞாயிறு பெட்டியோடு வந்தார். திறந்து பார்த்தேன். இருபத்திநான்கு பேரும் பச்சை அங்கியோடு, பழுப்பு வில்லோடு, வாணிஷ் பளபளக்க நின்றார்கள். எல்லாருக்கும் இடது முழங்காலில் சிவப்பு விழுந்திருந்தது.

"என்ரயைக் கழுவிப்போட்டன்," என்றார். "வலக்கையைத் துவாயால கதிரையோட கட்டிப்போட்டு இடக்கையால பூசினனான். முதல் தரம் சரிவரேல்லை. மூண்டு தரம் கழுவினன். இப்ப கொண்டுபோய்க் குடுங்கோ."

அவர் கண்கள் சிவந்திருந்தன. அந்த ஆறு வாரமும் பல் வேலை எதையும் எடுக்கவில்லை என்று செல்வம் பிறகு சொன்னார். "அண்ணே, நீங்க மன்னிப்புக் கேக்கப் போயிருக்கலாமே, வீடு தெரியாதா?" என்று செல்வம் கேட்டதற்கு, வாய்ப் பேச்சால் சரிவராத விசயம் என்றாராம்.

நான் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுல நானாட எது?"

"உள்ளதான் இருக்கு. இருபத்திமூண்டு என்ர, ஒண்டு அவற்ற."

"எது?"

அவர் ஒருவனை இரண்டு விரலால் எடுத்து ஜன்னலுக்குத் திருப்பினார். வைத்தார். அடுத்தவனை எடுத்தார். இருபத்திநான்கு பேரையும் எடுத்துப் பார்த்தார். செல்வமும் மற்றவர்களும் மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள். முதலிலிருந்து மறுபடி தொடங்கினார். பதினைந்தாமவனோ பதினாறாமவனோ, அங்கே கையை நிறுத்தினார்.

"அடையாளம் வைக்கேல்லை, தம்பி. பாத்தாத் தெரியும்தானே எண்டு கலந்துபோட்டன்." பிறகு, "தெரியேல்லை," என்றார்.

அதற்குப் பிறகு அவர் எதையும் ஜன்னலுக்குத் திருப்பியதாக எனக்கு நினைவில்லை. கம்பனி பூசியவர்கள் மேசைக்கு வந்தார்கள், அவர் தடுக்கவில்லை. ஆண்டு முடிவில் மகளிடம் போய்விட்டார். விடைபெற என் வீட்டுக்கு வரவில்லை. நான் அவர் வீட்டுக்குப் போகவில்லை.

பெட்டியை அன்றே வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறை மேசையில், அதே தட்டத்தில், இருபத்திநான்கு பேரையும் நிறுத்தினேன். கலண்டரில் சரி அடையாளம் போடும் பேனை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. நானா வந்து உட்கார்ந்தார். நடந்ததை முதன்முறையாக ஒன்றும் விடாமல் சொன்னேன். சொல்லி முடித்தபின், "ஒண்டு ஒங்கட. எதுன்னு ஒங்களுக்குத் தெரியும்தானே, நானா?" என்றேன்.

அவர் குனிந்து அந்த வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். ஒருவனையும் தொடவில்லை.

"எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். "மெசினுக்கு, தான் செஞ்சது எது என்டு தெரியுமா?"

இடக்கையால் தட்டத்தை என் பக்கம் தள்ளினார். சிலர் சரிந்து விழுந்தார்கள். அதற்குப் பிறகு அவர் தூரிகையைத் தொட்டதில்லை.

அன்றைய நாட்குறிப்பில் ஒரே ஒரு வரி இருக்கிறது: வில்லாளர் இருபத்திநான்கு, எண்ணிக்கை சரி.